பொறியாளருக்கு இடர் தெரியவில்லையாம்

நகர நீர் வாரியங்களின் பொறியாளர்கள் காலநிலை மாற்றத்தின் இடரை எவ்வாறு உணர்கிறார்கள் என்பது இன்று ஆய்வுலகில் செல்வாக்குள்ள தலைப்பு. ஆய்வின் வடிவமும் ஏறத்தாழ நிலைபெற்றுவிட்டது. ஐந்து படி அளவுகோல் கொண்ட வினாத்தாள் ஒன்று. அதை நிரப்பித் தரும் உதவிப் பொறியாளர்களும் செயற்பொறியாளர்களும் சில பத்துப் பேர். இறுதி இயலில், துறையினரிடையே இடருணர்வு குறைவு, எனவே பயிற்சி தேவை என்னும் பரிந்துரை. நிதியளிப்பவர் மகிழ்கிறார். பயிற்சிப் பட்டறை நடக்கிறது. தேநீர் இடைவேளையில் பொறியாளரின் கைப்பேசி ஒலிக்கிறது. எங்கோ பிரதான குழாய் உடைந்திருக்கிறது.

இந்த முடிவு தவறானது. தவறானது மட்டுமன்று, தீங்கானதும்கூட. உணர்வு இருக்கிறது. அது கோப்புக்குள் நுழைவதற்குத்தான் வழியில்லை. அந்த வழியை அடைத்துக்கொண்டிருப்பவை வடிவமைப்புக் கையேடு, நீர்ப்பங்கீட்டுத் தீர்ப்பு, தணிக்கை, நடத்தை விதி ஆகியன. அவற்றைப் படிக்க வேண்டிய ஆய்வாளர்கள் மனிதர்களின் மனத்தைப் படிக்கப் புறப்படும்போது, அமைப்பின் குறை தனிமனிதரின் அறியாமையாகப் பெயர்மாற்றம் பெறுகிறது. அமைப்புக்கு இதைவிட வசதியான ஆய்வு வேறு கிடைக்காது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ‘ரிஸ்க்’ என்னும் ஆங்கிலக் கலைச்சொல் நிகழ்தகவையும் இழப்பையும் பெருக்கிப் பெறும் ஒரு தொகை. வணிகத்திலும் காப்பீட்டிலும் பழகி வந்த கருத்து அது. வினாத்தாள் இந்திய மொழிகளுக்குப் பெயரும்போது அச்சொல் இடர், அபாயம், ஆபத்து, ஜோக்கிம், கத்ரா என்று பல வேடம் பூணுகிறது. இவை ஒன்றுக்கொன்று ஈடான சொற்கள் அல்ல. இந்தியில் ஜோக்கிம் என்பது ஒருவர் துணிந்து தோளில் ஏற்றிக்கொள்வது. அதற்கு ஓர் எழுவாய் வேண்டும். கத்ரா வெளியிலிருந்து வந்து சேர்வது. யமுனையை நம்பித் தொழில் செய்யும் தில்லிப் பொறியாளருக்குக் கத்ரா நிகழ்தகவே அன்று. அது ஓர் எண். பழைய ரயில் பாலத்தின் அளவுகோலில் 205.33 மீட்டர். ஊரே அதைக் ‘கத்ரே கா நிஷான்’, அதாவது அபாயக் குறி, என்று அழைக்கிறது. நீர் அந்தக் கோட்டைத் தொட்டால் பணிமுறை மாறும், விடுப்பு ரத்தாகும், மோட்டார்களைக் காப்பதா ஓட்டுவதா என்னும் கேள்வி எழும். இத்தகைய ஒருவரிடம் ‘காலநிலை மாற்றம் தங்கள் நிறுவனத்துக்கு உயர் இடர் என்று கருதுகிறீர்களா’ என்று கேட்டால் அவர் நடுக்கட்டத்தில் குறியிட்டுவிட்டு எழுந்து போவார். ஆய்வாளர் அதை அலட்சியம் என்று எழுதிக்கொள்வார்.

வேறொரு சொல் அம்மோனியா. குளிர்காலத்தில் யமுனையின் வரத்து குறையும்போது, மேலிருந்து இறங்கும் தொழிற்சாலைக் கழிவைக் கரைத்துக்கொள்ளும் அளவுக்கு ஆற்றில் நீர் இருப்பதில்லை. அம்மோனியா 1 பிபிஎம் அளவைத் தாண்டினால் வஜீராபாத் நிலையத்தில் சுத்திகரிப்பைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டியிருக்கிறது. ஆறு மெலிவதை அங்குள்ள வேதியியலர் எந்த மாநாட்டுக் கட்டுரையையும் படிக்காமலே அறிவார். அவருடைய மொழியில் அதன் பெயர் அம்மோனியா. ‘வறட்சி தீவிரமடைதல் குறித்த விழிப்புணர்வு’ என்னும் வரிசையில் அவருக்கு விழும் மதிப்பெண் இந்த அறிவைத் தொடுவதே இல்லை. மொழியியலில் முதலாண்டு மாணவருக்குத் தெரிந்த செய்தி இது: ஒரு சொல் ஒரு மொழியில் இல்லாததால் அது சுட்டும் பொருள் அம்மொழியினரின் அனுபவத்தில் இல்லை என்று ஆகிவிடாது. இதே பிழையைப் பழங்குடி மொழிகள் மீது செய்தால் இன்று வகுப்பறையில் எதிர்ப்பு எழும். பொறியாளரின் தொழில்மொழி மீது செய்தால் அது முறையியல் ஆகிவிடுகிறது.

2023 ஜூலையில் தில்லியில் நடந்ததைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அம்மாதம் 13ஆம் நாள் யமுனை 208.66 மீட்டர் வரை ஏறியது. 1978இல் பதிவான 207.49 மீட்டர் என்னும் உச்சத்தை அது 1 மீட்டருக்கும் மேலாகக் கடந்தது. வஜீராபாத், சந்திராவல், ஓக்லா ஆகிய மூன்று சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. நகரின் குடிநீர் கால் பங்கு குறைக்கப்பட்டது. தெருவில் வெள்ளம், குழாயில் வறட்சி. காலநிலை மாற்றம் குடிநீரைத் தாக்கும் விதத்துக்கு இதுவே பாடநூல் எடுத்துக்காட்டு என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடலாம். ஆனால் பக்கத்தில் வைக்க வேண்டிய எண்கள் உள்ளன. 2019 ஆகஸ்டில் ஹத்னிகுண்ட் தடுப்பணையிலிருந்து நொடிக்கு 8.28 லட்சம் கன அடி நீர் வெளியேறியபோது தில்லியில் ஆறு 206.60 மீட்டரோடு நின்றது. 2023இல் அங்கிருந்து இறங்கிய உச்ச அளவு ஏறத்தாழ 3.6 லட்சம் கன அடி. பாதிக்கும் குறைவான வெள்ளம் 2 மீட்டர் கூடுதல் உயரத்தை எட்டியது.

வெள்ளம் நெடுநேரம் நீடித்தது ஒரு காரணம்தான். ஆனால் அந்த நான்கு ஆண்டுகளில் மாறியது வானம் மட்டுமன்று. ஆற்றுப்படுகையில் வண்டல் ஏறியிருந்தது. வெள்ளச் சமவெளி பல்லாண்டுகளாகக் கட்டுமானத்துக்குப் பறிபோய்க்கொண்டிருந்தது. ஐ.டி.ஓ. தடுப்பணையின் 32 மதகுகளில் ஐந்து திறக்க மறுத்தன. தில்லியின் நடுவே நிற்கும் அத்தடுப்பணையைப் பராமரிக்கும் பொறுப்போ ஹரியானாவிடம் இருந்தது. அடைத்துக்கொண்ட மதகைப் பார்த்து அஞ்சிய ஒரு பொறியாளர் காலநிலை இடரை உணர்ந்தவரா, உணராதவரா? வினாத்தாளில் இதற்குக் கட்டம் இல்லை. அவர் தம் அச்சத்துக்குச் சொல்லும் பெயர் ‘மதகு’, ‘வண்டல்’, ‘இரு மாநிலக் கடிதப் போக்குவரத்து’. மழை கூடினால் முதலில் முறியப்போவது எது என்பதை அறிந்தவர் அவர்தாம்; ‘காலநிலை’ என்ற சொல்லை உச்சரிக்காததால் அவர் அறியாதவராகிவிடுகிறார்.

அச்சொல்லைச் சரளமாக உச்சரிப்போர் வேறிடத்தில் இருக்கிறார்கள். நெருக்கடி வந்த மறுநாள் வெளியாகும் அறிக்கைகளின் இலக்கணத்தைக் கவனித்தால் தெரியும். தமிழில் பருவமழை ‘பொய்க்கும்’. எழுவாய் மழை, பொய் சொன்னதும் அதுவே. ஏரியைத் தூர்வாராதவர், கசிவை அடைக்காதவர், எச்சரிக்கையைக் கோப்பில் உறங்கவிட்டவர் எவரும் அந்த வாக்கியத்தில் இடம்பெற வேண்டியதில்லை. ‘வரலாறு காணாத’ என்னும் பெயரெச்சம் இன்னும் திறமையானது. வரலாறே காணாததை வாரியம் எப்படிக் காணும்? ஒரே சொல்லில் விசாரணை முடிந்து விடுதலையும் கிடைத்துவிடுகிறது. 2023இல் உடைந்தது 45 ஆண்டுப் பழைய பதிவு என்பதையும், 45 ஆண்டுகள் ஓர் ஆற்றின் வாழ்வில் ஒரு பொழுதுகூட ஆகா என்பதையும் எவரும் நினைவூட்டுவதில்லை. காலநிலை மாற்றத்தை ‘மிக உயர் இடர்’ என்று குறிக்கும் உயரதிகாரியின் விடை இடருணர்வின் உச்சமாகவும் இருக்கலாம். முன்கூட்டியே எழுதி வைத்த மன்னிப்பு விண்ணப்பமாகவும் இருக்கலாம். ஐந்து படி அளவுகோல் இவ்விரண்டையும் ஒரே எண்ணாகப் பதிவு செய்கிறது.

உணராமைதான் நோய் என்பவர்கள் பெங்களூரின் நாட்காட்டியைப் பார்க்கட்டும். 2024 மார்ச்சில் நாடு முழுவதும் அந்நகரின் தாகத்தைத் ‘திடீரென’ கண்டுபிடித்தது. 13,900 ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வறண்டுவிட்டதாக மாநிலத் துணை முதல்வர் அறிவித்தார். குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்றது வாரியம். ஆனால் கர்நாடக அரசு தன் 236 வட்டங்களில் 223ஐ வறட்சி பாதித்தவையாக அறிவித்தது முந்தைய ஆண்டே நடந்துவிட்டது. இடர் உணரப்பட்டது, உரிய முத்திரையோடு அரசாணையிலும் ஏறியது. அதற்கும் மார்ச்சுக்கும் இடைப்பட்ட மாதங்களில் அந்த அறிவு எந்த மேசையில் நின்றது என்பதே ஆய்வுக்குரிய கேள்வி. 2018 வடகிழக்குப் பருவமழை சென்னையில் இயல்பில் பாதிக்கும் குறைவாகப் பெய்ததை அவ்வாண்டு டிசம்பர் 31 அன்றே எவரும் கணக்கிட்டிருக்கலாம். ஜோலார்பேட்டையிலிருந்து முதல் நீர் ரயில் புறப்பட்டது 2019 ஜூலை 12 அன்று. சிம்லாவின் கதையும் இவ்வாறே: பனி குறைந்த குளிர்காலம் ஊரறிந்த செய்தி, குழாய் வறண்டது 2018 மே மாதத்தில்.

அறிவு நின்றுபோகும் மேசைகளுள் முதலாவதில் ஒரு புத்தகம் இருக்கிறது. மத்தியப் பொதுச் சுகாதார, சுற்றுச்சூழல் பொறியியல் அமைப்பின் குடிநீர் வழங்கல் கையேடு 1999இல் வெளிவந்த பதிப்பாகக் கால் நூற்றாண்டு ஆட்சி செய்தது. திட்டங்களை 30 ஆண்டுத் தேவைக்கு வடிவமைக்கச் சொல்கிறது அது. மோட்டார்களுக்கு 15 ஆண்டு. கழிவுநீர்க் குழாய் உள்ள நகரத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். 30 ஆண்டுக்குப் பின் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதைக் கணிக்க அக்கையேட்டில் பல முறைகள் உண்டு: எண் கூட்டல், பெருக்கல் விகிதம், படிப்படி உயர்வு, வரைபட நீட்சி. மூலநீர் எவ்வளவு கிடைக்கும் என்பதற்கோ கடந்தகாலப் பதிவுகளைப் புரட்ட வேண்டும். மக்கள்தொகைக்கு எதிர்காலம் உண்டு, ஆற்றுக்கு இறந்தகாலம் மட்டுமே. இந்தக் கால இலக்கணத்துக்குள் எழுதப்படும் திட்ட அறிக்கையில் பொறியாளர் தம் ஐயத்தை எந்தப் பத்தியில் செருகுவார்? கடந்தகாலத்தை எதிர்காலத்தின் அளவுகோலாகக் கொள்ளும் அந்த அடிப்படை செத்துவிட்டதென்று 2008இலேயே ‘சயின்ஸ்’ இதழில் நீரியல் அறிஞர்கள் அறிவித்தார்கள். இரங்கல் செய்தி ஒப்பந்தப்புள்ளிக் குழுவுக்கு வந்து சேரவில்லை. 2024இல் கையேடு புதுப்பிக்கப்பட்டது உண்மை. பழைய கையேட்டின்படி மண்ணுக்குள் புதைந்த குழாய்களை அது தோண்டி எடுக்கப் போவதில்லை.

கிருஷ்ணா ஆற்றின் கதை இதைவிடக் கூர்மையானது. பச்சாவத் நடுவர் மன்றம் 1973இல் அந்த ஆற்றில் 75 சதவீத நம்பகத்தில் 2,060 டி.எம்.சி. நீர் உண்டு என்றது. நான்கில் மூன்று ஆண்டுகளில் அவ்வளவேனும் ஓடும் என்பது பொருள். பிரிஜேஷ் குமார் நடுவர் மன்றம் 2010இல் வேறொரு காலப் பதிவை எடுத்துக்கொண்டு, நம்பகத்தை 65 சதவீதமாகத் தளர்த்தி, 2,293 டி.எம்.சி. என்றது. கூடுதலாகக் கிடைத்த நீரில் ஒரு பகுதியைக் கொடுத்தது பதிவேடு. மற்றொரு பகுதியைக் கொடுத்தது ‘நம்பகம்’ என்னும் சொல்லின் வரையறை. இனி மூன்றில் ஓர் ஆண்டுக்கும் மேலாக நீர் போதாமல் போகலாம் என்று இதையே வேறு வகையில் எழுதியிருக்கலாம், யாரும் எழுதவில்லை. இந்தக் காகித நீரைத்தான் நகரங்கள் குடிக்க வேண்டும். ஹைதராபாத் அதே ஆற்றிலிருந்து எடுக்கிறது. சென்னைக்குத் தெலுங்கு கங்கை ஒப்பந்தப்படி ஆவியாதல் இழப்பு போக ஆண்டுக்கு 12 டி.எம்.சி. வர வேண்டும், முழு அளவு வருவது அரிது என்பது அங்குள்ள கடைநிலை ஊழியரும் அறிந்தது. சதவீதத்தை நிர்ணயித்தவர்கள் நீதிபதிகள். விழிப்புணர்வுப் பயிற்சிக்கு அழைக்கப்படுபவர் செயற்பொறியாளர்.

இரண்டாவது மேசை தணிக்கையாளருடையது. வெள்ளம் வந்தால் என்னாவது என்று அஞ்சி ஒருவர் மோட்டார் அறையை 2 மீட்டர் உயர்த்திக் கட்டச் சொல்கிறார் என்று கொள்வோம். அவர் பணிக்காலத்தில் வெள்ளம் வராமல் போனால் அது வீண் செலவு. தணிக்கைக் குறிப்புக்கு ஓய்வுக்குப் பின்னும் விளக்கம் எழுதிக்கொண்டிருக்க வேண்டும். உயர்த்திக் கட்டாதவரின் மோட்டார் மூழ்கினால் அது இயற்கைச் சீற்றம். அவருக்கு நிவாரணப் பணிக்கான பாராட்டுச் சான்றிதழும் கிடைக்கக்கூடும். இந்தத் தராசை அறிந்த ஒருவர் கடந்தகால எண்களுக்குள் ஒடுங்கிக்கொள்வதை ‘உணர்வின்மை’ என்பது எவ்வகை உளவியல்?

மூன்றாவது மேசையைப் பற்றி ஆய்வேடுகள் காக்கும் மௌனம் வியப்பூட்டுகிறது. 1964ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணி நடத்தை விதிகளில் 9ஆம் விதி, அரசின் நடப்பு அல்லது அண்மைக் கொள்கையை விமரிசிக்கும் எக்கருத்தையும் ஊழியர் வெளியிடலாகாது என்கிறது; பெயரின்றியோ புனைபெயரிலோ வெளியிட்டாலும் குற்றமே. மாநிலங்களின் விதிகளும் அதே சாயலின. இந்நிலையில், ‘தங்கள் அடையாளம் மறைக்கப்படும்’ என்னும் ஒப்புதல் படிவத்தை நீட்டி, ‘தங்கள் நிறுவனம் காலநிலை மாற்றத்துக்குப் போதிய அளவு தயாராக உள்ளதா’ என்று கேட்கிறார் ஆய்வாளர். நேர்மையாக விடையளித்தால் விடையளிப்பவர் விதியின் விளிம்பில் நிற்கிறார். எனவே நடுக்கட்டம். இவ்வாறு திரட்டப்படும் தரவு பொறியாளரின் மனத்தை அளக்கவில்லை. பேசுவதற்கு அவருக்குள்ள அனுமதியின் அளவைக் காட்டுகிறது. அதுவும் அளக்கத்தக்க பொருள்தான், ஆனால் ஆய்வேட்டின் தலைப்பு வேறாக இருக்க வேண்டும்.

இப்படியெல்லாம் கேட்க முன்மாதிரி இல்லை என்று சொல்ல முடியாது. ஸ்டீவ் ரேனர், டெனிஸ் லாக், ஹெலன் இங்கிராம் ஆகியோர் 2005இல் வெளியிட்ட கட்டுரை, அமெரிக்க நீர் மேலாளர்கள் காலநிலை முன்கணிப்புகளை ஏன் பயன்படுத்துவதில்லை என்று ஆராய்ந்தது. மேலாளர்களுக்குப் புரியவில்லை என்று கைகழுவிவிடாமல், அவர்களின் நிறுவனங்கள் எதை வெற்றி என்று கருதுகின்றன, எந்தப் பிழையை மன்னிக்கின்றன என்று அவர்கள் தேடினார்கள். குழாயில் நீர் தடையின்றி வருவதும், வாரியத்தின் பெயர் செய்தியில் வராதிருப்பதுமே அங்கு வெற்றி. அந்த நிறுவனத்தில் புதுமை ஒரு சுமை. இக்கட்டுரை நம் ஆய்வேடுகளின் இலக்கிய மீளாய்வு இயலில் அடிக்கடி தலைகாட்டுகிறது. அடுத்த இயலில் ஐந்து படி அளவுகோல் வழக்கம்போல் வந்து நிற்கிறது.

இதற்கு ஒரு மறுப்பு எழும். அது எளிதில் தள்ளத்தக்கதன்று. பொறியாளர் எல்லோரும் அறிந்தே ஒடுங்கிய அறிவாளிகளா? ‘எப்போதும் இப்படித்தான் வறட்சி வரும், போகும்’ என்று உளமார நம்புவோர் வாரியங்களில் இல்லையா? இருக்கிறார்கள், பெரிய பதவிகளிலும் இருக்கிறார்கள். பற்றாக்குறை என்றதும் அடுத்த குழாய்வழியை நோக்கிக் கை நீட்டும் பழக்கம் தொழிலின் எலும்பில் ஊறியது. பெங்களூரில் 2024 கோடைக்குப் பின் அக்டோபரில் தொடங்கிவைக்கப்பட்ட காவிரி ஐந்தாம் கட்டம் நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டரை 110 கிராமங்கள் இருந்த பகுதிகளுக்குக் கொண்டு செல்கிறது. டேங்கர் லாரிக்கு விலை கொடுத்து நொந்த அம்மக்களுக்கு அது நியாயமான நீர். எனினும் ஏற்கெனவே 145 கோடி லிட்டர் எடுத்துக்கொண்டிருந்த அதே ஆற்றிலிருந்துதான் அதுவும் வருகிறது. ஆறு வறண்டால் ஐந்து கட்டங்களும் ஒன்றாக வறளும். இது குறுகிய பார்வை என்று சொல்ல எவரும் தயங்க வேண்டியதில்லை. ஆனால் அத்திட்டத்தின் அளவு, கடன், காலம் மூன்றையும் முடிவு செய்தவர்கள் அமைச்சரவையும் கடன் தந்த வெளிநாட்டு முகமையும். அவர்களின் இடருணர்வை அளக்கும் வினாத்தாளை எந்தத் துறையும் இதுவரை அச்சிட்டதாகத் தெரியவில்லை. அளக்கப்படுபவர் எப்போதும் ஆய்வாளருக்கு நேர்காணல் மறுக்க முடியாத நிலையில் உள்ளவராகவே இருக்கிறார்.

வினாவை மாற்றிக் கேட்கலாம். கடைசியாக எந்த மோட்டாரை, எந்த நாளில், எதற்காக நிறுத்தினீர்கள்? கடந்த ஐந்து கோடைகளில் எந்தத் தெருவுக்கு முதலில் நீர் குறைந்தது? எச்சரித்து எழுதிய குறிப்பு யாரிடம் போனது, என்ன மேற்குறிப்போடு திரும்பியது? மழைமானி எண்ணும் பணிக்குறிப்பேட்டின் பதிவும் பக்கம்பக்கமாக வைக்கப்பட்டால், ‘உணர்வு’ என்று பெயரிட்டுத் தேடிய பொருள் தேதியோடு கிடைக்கும்.

இவ்வினாக்களுக்கு முதலில் விடை சொல்லக்கூடியவர் வால்வு திறப்பவர். எந்த மேட்டுத் தெருவில் நீர் ஏறுவதற்கு முன்னைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கிறது, எந்த மாதத்திலிருந்து அப்படி என்பது அவர் மணிக்கட்டுக்குத் தெரியும். ஏரிப்பாசனம் நடந்த காலத்தில் இவ்வறிவு உடையவருக்கு ஊரில் ஒரு பெயர் இருந்தது: கன்னடத்தில் நீருகண்டி, தென்தமிழ்நாட்டில் நீர்ப்பாய்ச்சி. இன்று பல நகரங்களில் அவர் ஒப்பந்ததாரரின் ஆள். பதவிப்பெயர் இல்லை, வாரியத்தின் மின்னஞ்சல் முகவரியும் இல்லை. வினாத்தாள்கள் மின்னஞ்சலில்தான் போகின்றன.